கசிகிற வெளிச்சம்

அக்டோபர் 6, திங்கள்

கேபிள் ஆபீஸ் பெள்ளிராஜ் சொல்லித்தான் இதை ஆரம்பிக்கிறோம். "லைன் எப்படிக் கெடுதுன்னு தினம் எழுதி வைங்க தாத்தா. வெறுமனே கெட்டுப்போச்சுன்னா கோயமுத்தூர் கம்பெனிக்காரன் காதுலயே வாங்க மாட்டேங்கறான்" என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் ரஞ்சிதம் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதாமல் புத்தகத்துப் பேச்சாக மாற்றிக்கொள்கிறாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், அவள் இஷ்டம்.

இன்று லைன் மோசம். போனில் தெய்வானையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். "சன்னாசி" என்று என் பெயர் மட்டும் வந்தது. அப்புறம் வந்ததெல்லாம் தகரத்தில் மணலைக் கொட்டுகிற சத்தம்.

தெய்வானை யார் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதல்லவா, அதனால் சொல்லிவிடுகிறேன். சிலோனில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் ஒரே லயத்தில் இருந்தோம். லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பிரித்தபோது எங்களுக்கு இந்தியா என்று எழுதினார்கள், அவர்களுக்கு இலங்கை என்று எழுதினார்கள். நான் இந்தக் கோத்தகிரி மலைக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய மகள் புவனா, அங்கே டீச்சர், எப்படியோ ரஞ்சிதத்தின் நம்பரைத் தேடிப்பிடித்து ஆவணி மாதத்தில் கூப்பிட்டாள். அப்போது லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் ரெண்டு பேரும் பேரன் பேத்திக் கணக்குச் சொல்லியே முடித்துவிட்டோம். பழக்கமான மனுஷி, அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்பதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அதே மணல் சத்தம். பின்பக்கத்து முட்டைக்கோசுக்கு மண் அணைத்தேன். காட்டெருமை வேலியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

புவனா எழுதி அனுப்பியதை ரஞ்சிதம் வாசித்துக் காட்டினாள். எழுத்து மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்கிறது, குரல்தான் சேர்வதில்லை.

தெய்வானைக்குத் தொண்டையில் கட்டியாம். கெட்ட கட்டி. இருபத்தெட்டாம் தேதி கண்டியில் ஆபரேஷன். குரல் வருகிற இடத்தையே எடுத்துவிடுவார்களாம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு இருக்காது. அதற்கு முன்னால் சன்னாசியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அம்மா தினமும் சொல்கிறார், எங்களிடம் என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தாள்.

"குரலைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லலாமே மாமா, அது முழுசா வந்துரும்" என்றாள் ரஞ்சிதம். அதையும் புவனா கேட்டுப் பார்த்திருக்கிறாள். "போன்ல பேசிப் பூட்டி அனுப்ப நான் என்னா ரேடியோவா? ஊருல உள்ள புள்ளைக எல்லாம் போட்டுப் போட்டுக் கேக்கவா? லைன் சரியாகட்டும். ஒருதரம்தான் கேப்பேன், நேராத்தான் கேப்பேன்" என்றாளாம்.

அவள் சொல்லக்கூடியவள்தான். லயத்தில் குழாயடிச் சண்டையில்கூட ஒரு வார்த்தையை இரண்டாம் தரம் சொல்ல மாட்டாள்.

இதைக் கம்பெனிக்கு எழுதுவானேன் என்றேன். "காரணம் தெரிஞ்சா சீக்கிரம் வருவாங்க" என்கிறாள்.

அக்டோபர் 11, சனி

லைன் மோசம்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தோம், மழை. அவங்க குரல் எப்படி இருக்கும் மாமா என்று ரஞ்சிதம் கேட்டாள். எங்கள் தோட்டத்தில் ரெண்டு மலைக்கு நடுவே பள்ளம். நான் இந்தப் பக்கம் தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவேன், பெண்பிள்ளைகள் எதிர் மலையில் கொழுந்து எடுப்பார்கள். தேத்தண்ணி வந்துவிட்டால் அங்கிருந்து ஒரு கூப்பாடு போடுவார்கள். அத்தனை பேர் கூப்பிட்டாலும் தெய்வானை கூப்பிட்டது தனியாகக் கேட்கும். முதலில் குரல் வரும், அப்புறம் பாறையில் பட்டு அதே குரல் திரும்பி வரும். ரெண்டும் மோதாமல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுக் கூப்பிடுவாள். மற்றவர்கள் அப்படி விட மாட்டார்கள், அவர்கள் கூப்பிட்டது அவர்கள் எதிரொலியிலேயே குழம்பிப்போகும். அன்றைக்கு அவள் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ரவிக்கை, இடுப்பில் கட்டின சாக்கில் இடது பக்கம் ஒரு கிழிசல்.

"எந்த அன்னைக்கு?" என்றாள்.

"எல்லா அன்னைக்கும்தான். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். எல்லாரையும் ஞாபகம் இருக்கும்."

"அப்படியா. அத்தையோட கூரைப்புடவை என்ன கலரு?"

என் மனைவி பாக்கியம் போய் ஆறு வருஷம். நல்ல மனுஷி, அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. "சிவப்பு" என்றேன். கூரைப்புடவை வேறு என்ன நிறத்தில் இருக்கும்.

"பச்சை மாமா. இரும்புப் பெட்டியில இருக்கு, எடுத்துக் காட்டட்டா?"

பேச்சை விடு, அடுப்பைப் பார் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

பெள்ளிராஜின் ஆபீசுக்கு நானே போனேன். ரஞ்சிதம் காலையில் அங்கேதான் கூட்டித் துடைக்கிறாள். உள்ளே ஒரு கண்ணாடி அறை. இரும்பு அலமாரிக்குள் பெட்டிகள், நூல் மாதிரி மஞ்சள் ஒயர்கள், பச்சைப் பொட்டு வெளிச்சம். சந்தனமும் குங்குமமும் காய்ந்த வாசனை இன்னும் இருந்தது. ஆயுத பூஜை போன புதன்கிழமைக்கு முந்தின புதன்தானே.

"இந்தப் பெட்டிக்குள்ள மின்சாரம் இல்ல தாத்தா, வெளிச்சம்தான் ஓடுது. இது ஒரு நாலு ரோட்டு போலீஸ்காரன். வர்ற வெளிச்சத்த நீ இப்படிப் போ, நீ அப்படிப் போன்னு திருப்பி விடும். இப்ப போலீஸ்காரனுக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றான் பெள்ளிராஜ்.

டவர் வழியாகச் சாதாரணமாகப் பேசினால் என்ன என்றேன். டவருக்குப் போகிற வெளிச்சமும் இதே பெட்டி வழியாகத்தான் போகிறதாம். கம்பெனியிலிருந்து இஞ்சினியர் தீபாவளி கழித்துத்தான் வருவாராம்.

"அதுக்குள்ள என்ன தாத்தா அவசரம்? காதலியா பேசக் கூப்பிடுது?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ரஞ்சிதம் சிரிக்கவில்லை. துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

குன்னூரில் லைன் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதால் பஸ் ஏறிப் போனோம். முழங்கால் வலி. போன் கடைக்காரர் ரஞ்சிதத்துக்குத் தெரிந்தவர், ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். தீபாவளிக் கூட்டம். எனக்குக் காது கேட்காதோ என்று அவராகவே சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்துவிட்டார்.

முகம் முழுசாக வந்தது. "சொகமா சன்னாசி?" என்றாள். முழுசாகக் கேட்டது.

கேட்ட பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாள் லைன் கரகரப்பு என்று நினைத்ததில் பாதி அவளுடையது. லைனைச் சரி செய்தாலும் அந்தப் பாதி போகாது.

அதற்குள் கடையில் நின்ற யாரோ, "பாட்டிம்மா, சிலோன்லயா இருக்கீங்க? தீபாவளி வாழ்த்துக்கள்!" என்று தலையை நீட்டினான். பின்னால் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரது? நீ என்னா சந்தையில நிக்கிறியா?"

"குன்னூர்ல கடையில..."

"அம்புட்டுப் பேரு கேக்கவா நான் பேசுவேன்? வீட்டுக்குப் போயி கூப்புடு. விழுந்துகிழுந்து வைக்காத, பைய போ."

வைத்துவிட்டாள். வரும்போது பஸ்ஸில் ரஞ்சிதம், "கோவக்கார ஆளுதான்" என்றாள். அது கோபம் இல்லை. அவளுடைய கோபம் எனக்குத் தெரியும், அது வேறு மாதிரி இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகன் தங்கவேல் லாரியோடு பாலக்காட்டில் நிற்கிறான், வரவில்லை. முறுக்கு நமுத்துவிட்டது. லைன் மோசம்.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்துவிட்டது, குன்னூர் பக்கமும் மரம் விழுந்து கிடக்கிறது. இஞ்சினியர் அம்மா பாதியில் திரும்பிப் போய்விட்டாராம். புவனா எழுதியிருக்கிறாள்: ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வார்டில் சேர்க்கிறோம்.

இன்றைக்கு நினைவெல்லாம் நாங்கள் கிளம்பின நாள்மேலேயே போகிறது. ரயிலை அங்கே கோச்சி என்போம். இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப்போகும் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஸ்டேஷனில் தோட்டமே நின்றது. எங்கள் அப்பா ஒரு பித்தளை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தெய்வானையின் அம்மா வந்திருந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் அண்ணன் நின்றான், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். தெய்வானை வரவில்லை. வண்டி திரும்பி ஸ்டேஷன் மறைகிற வரைக்கும் ஜன்னலில் தொங்கினேன். எல்லோரும் கை காட்டினார்கள்.

வரவேண்டும் என்று அவளுக்கு என்ன கட்டாயம்? அன்றைக்குக் கொழுந்து அதிகம், சம்பள நாள் வேறு. வேலைக்குப் போயிருப்பாள்.

ரஞ்சிதம் எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

இஞ்சினியர் வந்துவிட்டார். சரிவு வரைக்கும் ஜீப், அப்புறம் சேற்றில் நடை. பெயர் இந்துமதி. முழங்கால் வரை செம்மண்ணோடு நேராக ஆபீசுக்குள் போனார். பெள்ளிராஜ் ஆள் அனுப்பினான் என்று நானும் போனேன், ரஞ்சிதமும் வந்தாள்.

ஒரு மஞ்சள் ஒயரை உருவி, அதன் முனையைக் குட்டித் திரையில் பெரிசாக்கிப் பார்த்தார். முடி கனத்தில் ஒரு கண்ணாடிப் புள்ளி இருக்க வேண்டுமாம். திரையில் தெரிந்தது சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மேகம்.

"என்ன சார் இது?"

பெள்ளிராஜ் உற்றுப் பார்த்தான். "சந்தனம் மேடம். குங்குமமும் இருக்கு."

"ஒயர் முனையிலயா?"

"ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழட்டித் துடைச்சோம் மேடம். பெட்டிக்கு மேல மட்டும்தான் பொட்டு வைக்கச் சொன்னேன்..."

இந்துமதி எனக்கும் புரியும்படிதான் சொன்னார். வெளிச்சம் அழுக்கில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வருகிறது. திரும்பினது மறுபடி முட்டி, முன்னால் போகிறதோடு கலக்கிறது. ஒரு வழியில் போக வேண்டியது பெட்டிக்குள் பக்கத்து வழியிலும் கசிகிறது. அந்தக் கடைசியில் வாங்குகிற மிஷினுக்கு, இப்போது வெளிச்சம் வந்ததா, வரவில்லையா என்று குழப்பம். குழம்பின துண்டையெல்லாம் அது தூக்கிப் போட்டுவிடும்.

"போடறதுக்கு முந்தி என்னன்னு கேக்காதாம்மா?" என்றேன்.

"எழுத்துன்னா திருப்பி அனுப்புன்னு கேக்கும் தாத்தா. அதான் மெசேஜ் முழுசா வருது. பேச்சுன்னா கேக்காது. கேட்டு வாங்கறதுக்குள்ள பேசற ஆளு அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பாங்க இல்ல? விட்டுட்டு அடுத்தத எடுத்துக்கும்."

பள்ளத்தில் கூப்பாடு குழம்புகிறது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரஞ்சிதம்தான் வாயைத் திறந்தாள். "நான்தான் மேடம் வெச்சேன். ஒவ்வொரு ஒயரு முனையிலயும், அது சொருகற ஓட்டையிலயும்."

"ஏம்மா?" என்றான் பெள்ளிராஜ். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மாமா சிலோனுக்குப் பேசற லைன் இதுல எதுன்னு எனக்குத் தெரியல. அதான் ஒண்ணுகூட விடாம வெச்சேன்."

இந்துமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தார், சேறு மூக்கில் ஒட்டிக்கொண்டது. பெள்ளிராஜ் வேகமாக என்னமோ சொல்ல வந்தான், பிறகு, "சூடம் காட்டினது நான்தான். கழட்டிச் சொருகினதும் நான்தான். பாக்காம சொருகினேன், என்னத்தச் சொல்ல" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

குச்சி மாதிரி ஒன்றால் இந்துமதி ஒவ்வொரு முனையாகச் சுத்தம் செய்தார். இரண்டு ஓட்டையில் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், திங்கட்கிழமை சரிவுக்கு அந்தப் பக்கம் வரை ஆள் கொண்டுவருவான் என்றார்.

இதைச் சொல்லும்போது ரஞ்சிதம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன். "என்னால உங்களுக்கு இத்தன நாளு போச்சே மாமா" என்று அழுகிறாள். அழுதுகொண்டே எழுது, கம்பெனிக்கு வேண்டாம், நமக்கு இருக்கட்டும் என்றேன். அந்தப் பெட்டிக்கு இத்தனை பிரியமாக வேறு யார் பொட்டு வைத்திருப்பார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

சாயங்காலம் பெள்ளிராஜ் மழையில் ஓடிவந்தான். "தாத்தா, கூப்பிடுங்க, கூப்பிடுங்க!"

கட்டம் இல்லை. மணல் இல்லை. வார்டில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்காக மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள், அந்தத் துளைகூடத் தெரிந்தது. பக்கத்தில் புவனா. பின்னால் யாரோ சிங்களத்தில் பேசிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் ரஞ்சிதம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா சன்னாசி?"

"தெரியுது. நல்லாக் கேக்குது."

"என்னா இப்புடி நரைச்சுப்போயிட்ட?"

"நீ மட்டும் கொமரியாக்கும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. புவனா தண்ணீர் கொடுத்தாள். குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கணும்னேன்ல."

"கேளு."

"கோச்சி கெளம்புனப்ப நீ திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன். டேசன் மறையிற வரைக்கும் பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா? எல்லாரும் நின்ன பக்கந்தான்."

முகம் அப்படியே நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, இமை அடித்துக்கொண்டிருந்தது.

"பிளாட்பாரத்துல எங்கண்ணன் நின்னானே. நான் எப்புடி வர? நான் மத்தப் பக்கம் மதகுமேல நின்னேன். கூடைய எறக்கிக்கூட வைக்கல. கோச்சி என்னைய ஒரசுற மாதிரி போச்சு. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தேன். ஒன் முதுகு தெரிஞ்சுச்சு. கூப்புட்டேன்."

"எனக்குக் கேக்கல தெய்வான."

"அம்புட்டு அழுகையில எப்புடிக் கேக்கும். கேட்டும் திரும்பாம போறியோன்னு நெனச்சேன். இத்தன வருசமும் அதத்தான் நெனச்சேன்." தொண்டையைத் தடவிக்கொண்டாள். "கேக்கலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. போதும்."

நான் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது, "இங்க ஒரே மழை" என்பதுதான்.

"இங்கயும் மழைதான்" என்றாள். அப்புறம் நர்ஸ் வந்துவிட்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையிலிருந்து முட்டைக்கோசுக்கு மருந்து அடித்தேன். கொட்டுகிற மழையில் மருந்து அடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் ரஞ்சிதம். சேதி வரவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

சேதி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளை வைத்திருக்கிறார்கள், மூச்சு அது வழியாகத்தான். கஞ்சி குழாய் வழியாக. கட்டி முழுக்கப் போய்விட்டது. குரலும் போய்விட்டது.

பெள்ளிராஜ் வந்து, "இனிமே எழுத வேண்டியதில்ல தாத்தா, கம்பெனியில கேஸை மூடிட்டாங்க" என்றான். சரி என்றேன்.

ரஞ்சிதம் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தைக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டாள்.

"என்ன தெரியுமா?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். புவனா கூப்பிட்டாள். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மூக்குத்தியைத் திரும்பப் போட்டிருந்தார்கள். லைன் சுத்தமாக இருந்தது. எவ்வளவு சுத்தம் என்றால், துணிக்கு அடியில் அவள் மூச்சு போய் வருகிற சத்தம்கூடக் கேட்டது.

"அம்மாவால பேச முடியாது மாமா. நீங்க பேசுங்க, அம்மா கேப்பாங்க" என்றாள் புவனா.

நான் தொண்டையைச் செருமினேன். ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றாள். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா. கதவச் சாத்திக்கோ" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் போனாள்.

திரும்பிப் பார்க்கிறேன், திரையில் தெய்வானை கையைத் தூக்கி, புவனாவை நீயும் போ என்று காட்டிக்கொண்டிருந்தாள். புவனாவுக்குப் புரியவில்லை, தண்ணியாம்மா, தலகாணியாம்மா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையை ஆட்டி, கதவைக் காட்டினாள். மகள் போகிற வரைக்கும் காட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, போனுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் பேசினேன். மற்றதை எழுத வேண்டாம்.